உறைநிலத்தின் மேல் ரயில்பாதை தாழ்வதை செயற்கைக்கோள் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து உறைந்தே கிடக்கும் மண்ணை நிரந்தர உறைநிலம் என்கிறோம். உள்ளிருக்கும் பனிக்கட்டி உருகினால் மண் அமுங்கும், மேலிருப்பதும் இறங்கும். 2006-இல் லாசாவரை திறக்கப்பட்ட சிங்காய்–திபெத் ரயில்பாதையில் சுமார் 550 கி.மீ. இத்தகைய நிலம்தான்.

சென்டினல்-1 செயற்கைக்கோள் சுமார் 5.5 செ.மீ. நீளமுள்ள ரேடார் அலையை அனுப்பி, அதன் எதிரொலியைப் பதிகிறது. சில நாள் கழித்து அதே தடத்தில் வந்து மறுபடியும் பதிகிறது. இடையில் தரை சற்றே இறங்கியிருந்தாலும் அலையின் ஏற்ற இறக்கம் இடம் மாறித் திரும்பும். குழந்தையின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுப் பார்ப்போமே, அதேதான்: ஒரு கோடு எதுவும் சொல்லாது, இரண்டாவது கோடுதான் சொல்லும். கோடையில் தாழ்ந்து குளிரில் எழுவது இயல்பு. ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டே போவதுதான் ஆபத்து.

ரேடார் மண்ணைத் துளைத்து பனிக்கட்டியைப் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது அளப்பது மேற்பரப்பின் அசைவை மட்டுமே.