ஆங்கிலேயப் பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்கள் இயற்கையாக அமைந்தவையா?

இல்லை; அந்தப் புல்வெளிகளும் ஏரிகளும் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டில் மனித உழைப்பால் உருவானவை. இங்கிலாந்தின் பிளெனிம் மாளிகையில் 1760களில் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர், கிளைம் என்ற சிற்றாற்றை அணையிட்டுத் தேக்கியபோது, கட்டடக் கலைஞர் வான்ப்ரூ வடிவமைத்த பெரும் பாலத்தின் கீழறைகள் நீரில் மூழ்கின. ஆயினும் சிற்றோடையின் மேல் பொருத்தமின்றி நின்ற அப்பாலத்துக்கு அப்போதுதான் ஏற்ற நீர்ப்பரப்பு வாய்த்தது என்பேன்.

வேலியே இல்லாததுபோல் தோன்றுவதற்குக் காரணம் ‘ஹா-ஹா’ எனப்படும் பள்ளம். மாளிகைப் பக்கம் செங்குத்தான சுவரும் மறுபக்கம் புல் மூடிய சரிவும் இருப்பதால், மேயும் மாடுகள் அதைத் தாண்டி வர முடியாது. சன்னலிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கோ பள்ளமே தெரியாது.

இந்த அழகுக்கு எளிய மக்கள் கொடுத்த விலையும் பெரிது. இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் மில்டன் பிரபு தம் மாளிகையை ஒட்டியிருந்த சிறுநகரையே இடித்துவிட்டு, குடியிருந்தோர் சிலருக்காக மில்டன் அபாஸ் என்ற புதிய ஊரைத் தள்ளிக் கட்டினார்.