கட்டுத்தரையில் ஓடிப்போகும் உரம்

அன்புள்ள ஐயா,

கொரங்காடு என்ற நம் பக்கத்து வேலியடைத்த மேய்ச்சல் நிலம் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நாங்கள் மூலனூர் பக்கம். ஆறு கலப்பின மாடுகள் வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் கோ-4 தீவனப் புல் இருக்கிறது. ஒவ்வொரு அறுப்புக்கும் யூரியா போடுகிறோம். நாலு வருடம் முன்பு அரை மூட்டை போட்ட இடத்தில் இப்போது ஒரு மூட்டை போட்டாலும் புல் அந்த உயரம் வருவதில்லை. தண்ணீர் கட்டினால் மண் குடிக்காமல் மேலேயே நிற்கிறது. மாமனார் காலத்துக் கொரங்காடு நாலு ஏக்கர் சும்மா கிடக்கிறது. பைப் போட்டு அதையும் உழுது கோ-4 நட்டுவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். வெளிநாட்டில் உரம் குறைத்துப் பால் பண்ணை நடத்துவதாக யூடியூபில் காட்டுகிறார்கள். அதெல்லாம் நமக்கு ஆகுமா? என் பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த நாலு ஏக்கரை மட்டும் இப்போதைக்கு உழ விடாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கட்டுத்தரையில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பத்து லிட்டர் கறக்கும் ஒரு மாடு பசும்புல், சோளத்தட்டு, புண்ணாக்கு, அடர்தீவனம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 230 கிராம் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, சாப்பிடுகிறது. ஒரு லிட்டர் பாலில் இருக்கும் தழைச்சத்து ஏறக்குறைய 5 கிராம்தான். ஆக, பால் கேனில் ஏறிப் போவது 50 கிராம். மீதி 180 கிராம் சாணமாகவும் மூத்திரமாகவும் அன்றே வெளியே வந்துவிடுகிறது. ஆறு மாட்டுக்குத் தினமும் ஒரு கிலோவுக்கு மேல். 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் தழைச்சத்து 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எல்லா மாடும் எப்போதும் கறவையில் இருக்காது, அதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், வருடத்துக்குப் பதினைந்து மூட்டை யூரியாவுக்குச் சமமான சத்து உங்கள் கட்டுத்தரையில் விழுகிறது. அதில் பாதியாவது மூத்திரத்தில் இருக்கிறது.

அந்த மூத்திரம் எங்கே போகிறது? நான் போய்ப் பார்த்த பண்ணைகளில் பெரும்பாலும் சிமெண்ட் தளம், தினமும் ஓஸ் பிடித்துக் கழுவுகிறார்கள், வாய்க்கால் வழியாக ஓடி வேலியோரம் ஒரு கறுப்புக் குட்டையில் நிற்கிறது. சாணியைக் குப்பைமேட்டில் கொட்டி வெயிலில் காயவிடுகிறார்கள். அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடுகிறது. இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. புண்ணாக்கு வாங்கும்போது அதிலுள்ள தழைச்சத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். அது சாக்கடையில் போகிறது. அதே சத்தைத் திரும்ப மூட்டையில் வாங்கி வருகிறீர்கள்.

யூரியா போட்டும் புல் ஏன் வளரவில்லை என்பதும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல் மண்ணிலிருந்து சாம்பல்சத்தை, அதாவது பொட்டாசியத்தை, வாரிக்கொண்டு போகும். அடியோடு அறுத்து எடுத்துவிடுகிறோம், ஒரு சருகு கூட நிலத்தில் விழுவதில்லை. திரும்பப் போடுவது யூரியா மட்டும். அதில் சாம்பல்சத்து துளியும் கிடையாது. மாடு தின்ற சாம்பல்சத்தில் பெரும்பகுதி இருப்பது மூத்திரத்தில், அதையும் கழுவி விட்டுவிட்டோம். மண்ணில் மக்கிய பொருள் குறைந்தால் அதன் பொலபொலப்பு போய்விடும். சிறு சிறு மண்ணுருண்டைகளை ஒட்டி வைத்திருக்கும் பசை, வேரும் பூஞ்சையும் மண்புழுவும் தருவது. அவை பட்டினி கிடந்தால் மேல்மண் இறுகிப் படலம் கட்டும். தண்ணீர் அதன்மேல்தான் நிற்கிறது.

இன்னொன்று, இது எச்சரிக்கை. வளர்ச்சி நின்றுபோன புல்லுக்கு மேலும் மேலும் யூரியா கொடுத்தால், அதுவும் தண்ணீர் பற்றாத காலத்தில், புல்லில் நைட்ரேட் ஏறிவிடும். அதைத் தின்ற மாட்டின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். நன்றாக நின்ற மாடு சில மணி நேரத்தில் விழுந்துவிடலாம்.

எங்கள் பாட்டி வீட்டில் சிமெண்ட் தளம் கிடையாது. மாடு கட்டும் இடத்தில் செம்மண்ணைக் கொட்டிப் பரப்பி, மேலே கழித்துப்போட்ட தட்டையும் இலைச்சருகையும் போடுவார்கள். மூத்திரம் முழுவதும் அதில் ஊறும். மாதம் ஒருமுறை அந்த மண்ணை வாரிக் காட்டுக்கு அடித்துவிட்டுப் புது மண் கொட்டுவார்கள். நீங்கள் தளத்தை உடைக்க வேண்டாம். வாய்க்கால் முடியும் இடத்தில் ஒரு தொட்டி கட்டுங்கள். நிறையத் தண்ணீர் கலந்து பாசனத்தோடு விடுங்கள், ஒவ்வொரு நாளும் வேறு வேறு பாத்தியில். ஒரே இடத்தில் விட்டால் அதுவும் கெடுதல். சாணிக்குழிக்கு நிழல் வேண்டும், மேலே தட்டும் சருகும் மூட வேண்டும். புல்லில் மூன்று வரிசைக்கு ஒரு வரிசை வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனச் செடி போடுங்கள். அதன் வேர் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், மாட்டுக்குப் புரதமும் கிடைக்கும். யூரியா அதிகம் இருக்கும் மண்ணில் அந்த முடிச்சுகள் சோம்பிவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

யூரியாவை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பழகிய மண் உடனே கைகொடுக்காது. பால் குறைந்தால் வீட்டில் உங்கள் பேச்சு எடுபடாமல் போகும். நாலு பாத்தியில் மட்டும் கால் பங்கு குறைத்து மூன்று அறுப்பு பாருங்கள். அதற்கு முன் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த யூடியூப் படங்கள் எந்த நாட்டுடையவை என்று எழுதவில்லை. எனக்குத் தெரிந்த உதாரணம் நியூசிலாந்து. அங்கே மேய்ச்சல் புல்லோடு வெள்ளைக் குளோவர் என்ற பயறு வகைச் செடியை வளர்த்து அதன் தழைச்சத்தை நம்பித்தான் பால் தொழிலையே வளர்த்தார்கள். 1990க்குப் பிறகு யூரியா பல மடங்கு கூடியது, நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறியது. 2021 ஜூலை முதல் மேய்ச்சல் நிலத்தில் ஹெக்டேருக்கு வருடத்துக்கு 190 கிலோ தழைச்சத்துக்கு மேல் உரமாகப் போடக்கூடாது என்று அரசே வரம்பு வைத்துவிட்டது. மாடு மூத்திரம் பெய்த ஓர் இடத்தில் விழும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 1,000 கிலோ வரை போட்டதற்குச் சமம். அதைக் குறைக்க மேய்ச்சலில் பிளாண்டைன் என்ற செடியைக் கலந்து விதைக்கிறார்கள். அதைத் தின்றால் மூத்திரத்தில் தழைச்சத்தின் செறிவு குறைகிறது. அவர்கள் மழையும் குளிரும் நமக்கு இல்லை. செடிகளை அப்படியே கொண்டுவர முடியாது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? உங்கள் மாமனாரின் கொரங்காடு இருக்கிறது.

சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும் பூமியில், பாசனமும் உரமும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாட்டையும் செம்மறியையும் வளர்த்த ஏற்பாடு அது. துண்டு துண்டாக வேலி அடைத்து ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறவிடுவார்கள். மேய்ந்த புல்லுக்கு மறுபடி வேர்பிடித்து நிற்க நேரம் கிடைக்கும். வெயில் காலத்தில் வெள்வேலங்காய் உதிர்ந்து தீவனமாகும். சாணம் விழுந்த இடத்திலேயே சாணிவண்டு அதை மண்ணுக்குள் இறக்கிவிடும். ஆஸ்திரேலியாவில் மாட்டுச்சாணத்தை மண்ணுக்குள் இறக்கும் வண்டு போதாமல், 1960களில் தொடங்கி வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நமக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. குடற்புழு மருந்தாக ஐவர்மெக்டின் போட்டால் சில வாரங்கள் வரை அந்தச் சாணத்தில் வண்டுக்குஞ்சு பிழைக்காது, அதனால் தேவையிருந்தால் மட்டும் போடுங்கள்.

கொரங்காட்டை மட்டும் நம்பிக் கலப்பின மாடு பத்து லிட்டர் கறக்காது. கிடாரிகளையும் வற்றிய மாடுகளையும் காலையில் அங்கே ஓட்டுங்கள். அவற்றுக்கான பசும்புல்லும் கழுவும் வேலையும் மிச்சம். ஒரு துண்டை மட்டும் ஐப்பசி மழைக்குப் பிறகு விதை உதிரும்வரை மேயவிடாமல் வையுங்கள். உழுதுவிட்ட கொரங்காடு பழையபடி வந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் வாக்குவாதம் வேண்டாம். ஒரு பழைய டின்னின் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கோ-4 பாத்தியில் இரண்டு அங்குலம் அழுத்தி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மண் குடித்து முடிக்க எத்தனை நிமிடம் என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே டின்னைக் கொரங்காட்டில் வெள்வேல மரத்தடியில் அழுத்தி ஊற்றுங்கள். இரண்டு கணக்கையும் எனக்கு எழுதுங்கள். பெயர் போடாமல் வெளியிடுகிறேன்.

அன்புடன்.