"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்": வார்டில் டெலிரியம் – கேள்வி பதில்

முதியோர் மருத்துவராக இருக்கிறேன். இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் டெலிரியம் (உடல்நலக் குறைவால் திடீரென வரும் மனக்குழப்பம்) பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

டிமென்ஷியாவா (மறதி நோய்), டெலிரியமா? எப்படிப் பிரிப்பது? (பயிற்சி மருத்துவர்)

கூட வந்தவரிடம், "போன வாரம் எப்படி இருந்தார்?" என்று கேளுங்கள். "நேத்து வரைக்கும் பேப்பர் படிச்சார், இன்னிக்குத்தான் என்னையே யாருன்னு கேட்கிறார்" என்றால் டெலிரியம் என்றே வைத்துக்கொண்டு காரணத்தைத் தேடுங்கள். டிமென்ஷியா மாதக்கணக்கில் வளரும். டெலிரியம் சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் வரும். காலையில் தெளிவாகப் பேசுவார், சாயங்காலம் குழம்புவார். கவனம் ஓரிடத்தில் நிற்காது. ஊரில் 'ஜன்னி கண்டுடுச்சு' என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் காய்ச்சல் இல்லாமலும் வரும். ஏற்கெனவே மறதி உள்ளவருக்கு இன்னும் சுலபமாக வரும்.

டெலிரியத்தைக் கண்டறியும் 4ஏடி (4AT) கேள்விச் சோதனையில் பிறந்த தேதி கேட்கிறோம். பல பாட்டிகளுக்கு அது தெரியாதே? (தாலுகா மருத்துவமனை மருத்துவர்)

உண்மைதான். பிறந்த தேதி தெரியாதது மூளைக் கோளாறு அல்ல. அதே சோதனையில் கேட்கும் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல வராதவரிடம் கிழமைகளைப் பின்னோக்கிக் கேட்டுப் பாருங்கள். மதிப்பெண்ணுக்காக இல்லை, கவனம் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள. மொத்தம் 12-இல் 4 வந்தாலே டெலிரியத்தைச் சந்தேகிக்க வேண்டும். விழிப்பு நிலையில் தெளிவான மாறுதல் இருந்தால் அதற்கு மட்டுமே 4. திடீர் மாற்றம் அல்லது ஏற்ற இறக்கம் இருந்தால் அதற்கும் 4. படிப்புக்கும் இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

அமைதியாகத் தூங்கிக்கொண்டே இருப்பவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா? (வார்டு சிஸ்டர்)

அவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும், சிஸ்டர். கத்துகிறவரைப் பார்க்க எல்லோரும் ஓடி வருகிறோம். சாப்பாட்டைத் தொடாமல், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொள்பவரை 'தொந்தரவில்லாத பேஷண்ட்' என்று விட்டுவிடுகிறோம். அடங்கிக் கிடக்கும் இந்த வகை டெலிரியம்தான் அதிகம் நம் கண்ணில் படாமல் போகிறது. ஒவ்வொரு ஷிப்டிலும் எழுப்பி ரெண்டு வார்த்தை பேசுங்கள்.

காரணத்தை எங்கிருந்து தேடுவது? (தனியார் மருத்துவமனை மருத்துவர்)

சர்க்கரை, ஆக்ஸிஜன் இரண்டையும் உடனே பாருங்கள். அடுத்து அடிவயிற்றில் கை வையுங்கள். என்னிடம் வந்த ஒரு தாத்தா இரவெல்லாம் கத்தினார். அரிப்புக்குப் போட்ட ஃபெனிரமின் ஊசியால் சிறுநீர் அடைத்திருந்தது. குழாய் போட்டு சிறுநீர் வெளியேறியதும் அடங்கினார், மறுநாள் காபி கேட்டார். மலச்சிக்கலும் இப்படிச் செய்யும். பிறகு சோடியம், நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, வலி. குழப்பம் தரும் மருந்து இருக்கிறதா என்று மருந்துச் சீட்டை வரிவரியாகப் படியுங்கள்: ட்ரைஹெக்ஸிஃபெனிடில், அமிட்ரிப்டிலின், அல்பிரஸோலம், புதிதாகச் சேர்த்த எதுவானாலும். சிறுநீரில் கிருமி தெரிந்தது என்பதற்காக மட்டும் தேடலை நிறுத்தாதீர்கள். அறிகுறியே இல்லாமல் வயதானவர்கள் பலருக்கு அது இருக்கும்.

இரவில் டிரிப்ஸைப் பிடுங்குகிறார். கையைக் கட்டலாமா, ஊசி போடலாமா? (இரவுப் பணி மருத்துவர்)

கட்டாதீர்கள், கட்டினால் குழப்பம் கூடும். டிரிப்ஸ் இன்னும் தேவையா என்று முதலில் பாருங்கள். கண்ணாடி, காதுக் கருவியை மாட்டிவிடுங்கள், மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், விளக்கைக் குறையுங்கள். இவை சும்மா ஆறுதல் இல்லை. 1999-இல் முதியோர் மருத்துவர் ஷாரன் இனோயி குழு அமெரிக்காவில் 70 வயது கடந்த 852 பேரிடம் செய்த ஆய்வில், இத்தகைய கவனிப்பால் டெலிரியம் வருவது 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தது.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் மட்டும் கிளர்ச்சியை அடக்கும் ஹாலோபெரிடால், 0.25 முதல் 0.5 மில்லிகிராம். அதற்கு முன் இசிஜி பாருங்கள். பார்கின்சன் உள்ளவருக்கு வேண்டவே வேண்டாம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் லோராஸெபம் பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். குடியையோ தூக்க மாத்திரையையோ திடீரென நிறுத்தியதால் வந்த குழப்பத்துக்கு மட்டும் அந்த வகை மருந்துதான் சரி. குடி என்றால் தயமினும் (வைட்டமின் பி1) கொடுங்கள்.

பழையபடி ஆவாரா என்று வீட்டார் கேட்டால்? (செவிலியர்)

பலர் சில நாட்களில் தெளிவார்கள், சிலருக்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். சிலர் முழுதாகத் திரும்புவதில்லை, அதையும் சொல்லிவிடுங்கள். தெளிந்தபின் பலருக்கு நடந்தது அரைகுறையாக நினைவிருக்கும், திட்டியதை நினைத்துக் கூனிக்குறுகுவார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் பக்கத்தில் உட்கார்ந்து, "அது உடம்பு சரியில்லாததால் வந்தது ஐயா, நாங்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லுங்கள்.