விதையை யாரும் மாற்றவில்லை: பீன்ஸ் கேள்வி பதில்

போன இதழில் விதை சேமிப்பு பற்றி நாலு வரி எழுதினேன், அதற்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி பீன்ஸ். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். இங்கே பீன்ஸ் என்றால் ஃபேசியோலஸ் வல்காரிஸ் என்ற ஒரே இனம்தான். அவரை வேறு பேரினம், அதைப் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இன்னொரு முறை பார்ப்போம்.

கே: கறுப்பு பீன்ஸையும் வெள்ளை பீன்ஸையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டேன். எடுத்த விதை கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும்தான் இருந்தது. கலக்கவில்லை என்று நம்பி மறுபடி விதைத்தால், வெள்ளை விதையிலிருந்து வந்த ஒரே ஒரு செடி மட்டும் கறுப்பும் பழுப்புமாக வரி போட்ட விதை தருகிறது. யாராவது விதையை மாற்றிவிட்டார்களா?

யாரும் மாற்றவில்லை. கலப்பு முதல் பருவத்திலேயே நடந்துவிட்டது, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பீன்ஸ் விதையில் நாம் பார்க்கிற நிறம் மேல்தோலின் நிறம். அந்தத் தோல் தாய்ச்செடியின் உடம்பு. உள்ளே இருக்கும் பருப்பும் முளையும்தான் பிள்ளை. வெள்ளைச் செடியின் பூவில் கறுப்புச் செடியின் மகரந்தம் விழுந்தாலும், அம்மா போர்த்திவிட்ட வெள்ளைச் சட்டையோடுதான் அந்தக் கலப்பு விதை வெளியே வரும். அதை விதைத்து, அது வளர்ந்து, தன் விதைக்குத் தானே தோல் போர்த்தும்போதுதான் குட்டு உடைகிறது. அதாவது ஒரு பருவம் தாமதம். பட்டாணியில் இந்தத் தாமதம் இல்லை, அங்கே மஞ்சள் பச்சை என்பது உள்ளே இருக்கும் பருப்பின் நிறம், தோல் வழியாகவே தெரிந்துவிடும். மெண்டல் பட்டாணியை எடுத்துக்கொண்டதில் அவருக்கு இந்த வசதியும் இருந்தது. அவர் பீன்ஸையும் தொட்டுப் பார்த்தவர்தான், வெள்ளைப் பூ பீன்ஸைச் சிவப்புப் பூ பூக்கும் இன்னொரு பீன்ஸ் இனத்தோடு சேர்த்தார். இரண்டாம் தலைமுறையில் பூத்த 31 செடிகளில் ஒன்றே ஒன்றுதான் வெள்ளை, மற்றவை சிவப்பிலிருந்து வெளிர் ஊதா வரை விதவிதமாக. நாலில் ஒன்று வரவில்லையே என்று கணக்கைத் தூக்கிப் போடாமல், நிறத்துக்கு ஒரு காரணி அல்ல, இரண்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்று யோசித்தாரே, அதுதான் எனக்குப் பிடித்த மெண்டல்.

உங்கள் வரி போட்ட செடிக்கு வருவோம். வெள்ளை பீன்ஸில் நிறம், வரி, புள்ளி எல்லாவற்றுக்கும் மரபணு இருக்கும், 'பி' என்ற ஒரே ஒரு மரபணு பழுதாகி எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கும். கறுப்போடு சேர்ந்ததும் மூடி திறக்கிறது, வெள்ளை இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்ததும் வெளியே வருகிறது, அதனால்தான் அப்பா அம்மா இருவரிடமும் இல்லாத கோலம். இன்னொன்றும் கவனியுங்கள், அந்தச் செடியில் எந்தக் காயைப் பிரித்தாலும் உள்ளே இருக்கும் விதைகள் எல்லாம் ஒரே கோலமாகத்தான் இருக்கும், எல்லாத் தோலும் ஒரே தாயுடையது. அடுத்த பருவம் அவற்றை விதைத்தால் செடிக்குச் செடி மாறும், கால்வாசிச் செடி திரும்ப வெள்ளை விதை தரும்.

இப்படி எத்தனை நடக்கும் என்றால், கொஞ்சம்தான். பீன்ஸ் பூவில் படகு இதழ் சங்கு மாதிரி சுருண்டு மகரந்தத்தையும் சூல்முடியையும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கும், பூ விரிவதற்குள் தன் மகரந்தத்தாலேயே காரியம் முடிந்துவிடும். ஆனால் பெரிய கருவண்டுத் தேனீ ஒன்று சிறகு இதழில் உட்கார்ந்து அழுத்தினால் சுருளிலிருந்து சூல்முடி வெளியே எட்டிப் பார்க்கும். அந்த ஒரு நொடி போதும்.

கே: நாலு பருவமாகப் பெரிய விதைகளை மட்டும் பொறுக்கி விதைக்கிறேன். முதல் தடவை கொஞ்சம் பெரிதானது, அப்புறம் அசையவே இல்லை. எங்கே தப்பு?

உங்கள் கேள்வியைத்தான் டென்மார்க்கில் வில்ஹெல்ம் யோஹான்சன் கேட்டார், அதுவும் பீன்ஸை வைத்தே. 'பிரின்சஸ்' என்ற ரகத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு விதையாக எடை போட்டு, ஒவ்வொரு செடியின் வாரிசுகளையும் தனித்தனியாக வளர்த்தார். இப்படி 19 வழிகள், வழி என்றால் ஒரே செடியில் தொடங்கிய பரம்பரை. சராசரி எடையில் கனமான வழியின் விதை சுமார் 640 மில்லிகிராம், லேசான வழியில் சுமார் 350. இதுவரை ஆச்சரியம் இல்லை. அப்புறம் ஒரே வழிக்குள்ளேயே பெரிய விதையைத் தனியாகவும் சின்ன விதையைத் தனியாகவும் விதைத்தார், இரண்டின் பிள்ளைகளும் சராசரியில் ஒன்றாகவே வந்தன! திரும்பத் திரும்பச் செய்தாலும் அதே கதை. தன் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாகச் சூல் கொண்ட செடியின் வழியில் எல்லா விதைக்கும் மரபு ஒன்றே. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பது காயில் எந்த இடம், எவ்வளவு வெயில், எவ்வளவு சத்து என்பதால், அது பிள்ளைக்குப் போகாது. 1903இல் இதை வெளியிட்டார். 1909இல் 'ஜீன்' என்ற சொல்லையும் அவரே உருவாக்கினார், உள்ளே இருப்பதற்கு ஜீனோடைப், வெளியே தெரிவதற்கு ஃபீனோடைப் என்று பிரித்ததும் அவர்தான். உலகம் முழுக்க இன்று புழங்கும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு தராசும் ஒரு மூட்டை பீன்ஸும் இருக்கின்றன.

உங்கள் மூட்டையில் முதலில் பல வழிகள் கலந்திருந்தன, பெரிய விதையைப் பொறுக்கியதில் கனமான வழி தங்கிவிட்டது, லேசானது போய்விட்டது. அது முடிந்த பிறகு பொறுக்க எதுவும் மிச்சமில்லை. இனி பெரிதாக வேண்டுமானால் வேறொரு ரகத்தோடு கலப்பு செய்ய வேண்டும். ஒரு வேண்டுகோள், விதையைத் தேர்வு செய்யாதீர்கள், செடியைத் தேர்வு செய்யுங்கள், ஒவ்வொரு செடியின் விதையையும் தனிப் பையில் போட்டு எண் எழுதுங்கள்.

கே: குட்டி கறுப்பு பீன்ஸும் பெரிய சிவப்பு ராஜ்மாவும் நிஜமாகவே ஒரே இனமா? ஒன்றோடொன்று சேருமா?

ஒரே இனம், 11 ஜோடி குரோமோசோம். ஆனால் இரண்டு குடும்பம். காட்டு பீன்ஸ் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகவே மெக்சிகோ பக்கம் ஒரு கூட்டமும் ஆண்டிஸ் மலைப் பக்கம் ஒரு கூட்டமுமாகப் பிரிந்து கிடந்தது, இரண்டு இடத்திலும் மனிதர்கள் தனித்தனியாக, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்னால் அதைப் பயிராக்கினார்கள். கறுப்பு, பின்டோ, நேவி போன்ற சிறு விதைகள் முதல் குடும்பம். ராஜ்மா என்கிற கிட்னி பீன்ஸ் போன்ற பெரிய விதைகள் இரண்டாவது. 1980களில் பால் கெப்ட்ஸும் கூட்டாளிகளும் விதையில் உள்ள ஃபேசியோலின் என்ற புரதத்தைப் பிரித்துப் பார்த்து இந்த இரட்டைப் பிறப்பைக் காட்டினார்கள்.

சேருமா என்றால், சேரும், சில ஜோடிகளில் பிள்ளை குட்டையாகி மஞ்சளித்துச் செத்துப்போகும். ஒரு குடும்பத்தில் டிஎல்1 என்று ஒரு மரபணு, மற்றதில் டிஎல்2, தனித்தனியாக இரண்டும் சாது. ஒன்று வேரில் வேலை செய்கிறது, மற்றது தண்டில், இரண்டும் ஒரே செடியில் சந்தித்தால் வேருக்கும் தண்டுக்கும் ஒத்துப்போவதில்லை. அப்படி நடந்தால் உங்கள் கைப்பழக்கத்தைக் குறை சொல்லாதீர்கள், ஜோடியை மாற்றுங்கள்.

கே: நாரில்லாத ரகம் என்று வாங்கிய விதையில் ஒன்றிரண்டு செடி மட்டும் நாரோடு காய்க்கிறது. கலப்படமா?

இருக்கலாம், ஆனால் செடியே பழைய குணத்துக்குத் திரும்புவதும் உண்டு, விதை உற்பத்தி செய்கிறவர்களுக்கு இது பழைய தலைவலி. நாரில்லா பீன்ஸைப் பிரபலமாக்கியவர் நியூயார்க் மாநிலத்தின் லி ராய் ஊர்க்காரர் கால்வின் கீனி, அவருடைய ரகம் 1894இல் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்தில் என்ன கருவி? காயின் நுனியை ஒடித்து இழுத்துப் பார்ப்பதுதான். இன்றும் வயலில் அதுதான் சோதனை. ஏன் திரும்புகிறது என்பதற்கு 2022இல்தான் நல்ல விளக்கம் வந்தது. நாரில்லாத ரகங்களில் காய் வெடிப்போடு தொடர்புள்ள ஒரு மரபணு இரட்டிப்பாகி, நடுவில் ஒரு 'தாவும் மரபணு' புகுந்திருக்கிறது. இரட்டையாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற எதுவும் படியெடுக்கும்போது ஒன்றாகக் குறைந்துபோக வாய்ப்பு உண்டு, குறைந்த செடியில் நார் திரும்பிவிடும். நார் வந்த செடியைப் பிடுங்கிப் போடுங்கள், அதன் விதையை மட்டும் சேர்க்காதீர்கள்.

கே: பீன்ஸின் மரபணுத் தொகுப்பையே படித்துவிட்டார்களாமே. அப்புறம் ஏன் ஒரு புது ரகத்துக்குப் பத்து வருஷம்?

படித்தது 2014இல், ஆண்டிஸ் குடும்பத்து நாட்டு ரகம் ஒன்றை, சுமார் 27,000 மரபணுக்கள். ஆனால் அகராதி கைக்கு வந்ததும் கதை எழுத வந்துவிடுமா? வறட்சி, விளைச்சல் போன்ற குணங்கள் பல மரபணுக்களில் சிதறிக் கிடக்கின்றன, வயலில் பல இடம் பல பருவம் வைத்துப் பார்க்காமல் தெரியாது.

எங்கே லாபம் என்றால், கண்ணால் பிரிக்க முடியாததைப் பிரிப்பதில். தேமல் வைரஸுக்கு 'ஐ' என்ற மரபணு நல்ல காவல், ஆனால் வைரஸின் ஒரு தங்கச்சி இனம் வந்து தாக்கினால் காவலே கழுத்தை நெரிக்கும், அது மிகையாகப் பதிலடி கொடுத்துச் செடி வேர் வரை கறுத்துச் சாகும். அதற்குப் பாதுகாப்பாக 'பிசி-3' என்ற இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், பிசி-3 இருக்கும் செடியில் ஐ இருக்கிறதா இல்லையா என்று வைரஸைத் தடவிப் பார்த்தாலும் தெரியாது, இரண்டும் பச்சைப் பசேலென்றுதான் நிற்கும். இலையில் ஒரு துண்டு எடுத்து, டிஎன்ஏவில் அந்த மரபணுவோடு சேர்ந்தே வரும் அடையாளத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த யோசனையின் பாட்டனாரும் பீன்ஸ்தான், 1923இல் கார்ல் சாக்ஸ் விதைத்தோலின் நிறத்தை அடையாளமாக வைத்து விதை எடை எங்கே பிணைந்திருக்கிறது என்று பார்த்தார்.

மரபணு மாற்றமும் நடந்திருக்கிறது, பிரேசில் அரசு ஆய்வு நிறுவனமான எம்ப்ராபா உருவாக்கிய, பொன்மஞ்சள் தேமல் வைரஸைத் தாங்கும் பீன்ஸுக்கு 2011இல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. ஆனால் பீன்ஸ் செல்லை ஆய்வுக்கூடத்தில் முழுச் செடியாக வளர்த்தெடுப்பது படு கஷ்டம், அதனால் பெரும்பாலான வேலை இன்னும் பழைய கலப்பு முறையில்தான்.

கே: இரும்புச்சத்து பீன்ஸ் என்பது விளம்பரமா, விஷயம் உண்டா?

விஷயம் உண்டு, ஒரு 'ஆனால்' சேர்த்து. சாதாரண பீன்ஸில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் போல இரும்பு, வளர்ப்பாளர்கள் வைத்த இலக்கு 94. ருவாண்டாவில் இந்த ரகங்கள் பரவலாகக் கொடுக்கப்பட்டன, கல்லூரிப் பெண்களுக்கு 128 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் விதையில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சரி, அந்த அமிலம் குறைந்த பீன்ஸ் செய்வோமே என்று செய்தார்கள். அதைச் சாப்பிட்ட பெண்களுக்கு வயிற்றுக் கோளாறு. அந்த விதை வேக அடம்பிடிக்கும் ரகம், உள்ளே இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் சரியாக அழியவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஒரு நூலை இழுத்தால் இன்னொரு தையல் பிரிகிறது.

கே: அந்த லெக்டினையே வேண்டாம் என்று நீக்கிவிட முடியாதா?

பீன்ஸை வேகாமல் சாப்பிட்டால் வாந்தி பேதி கொடுப்பது அதுதான், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்க வேண்டும், மிதமான சூட்டில் நெடுநேரம் வைப்பது போதாது. அந்தக் குறிப்பிட்ட லெக்டின் இல்லாத ரகங்கள் இயற்கையாகவே உண்டு, கலப்பில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதே மரபணுக் குடும்பத்தில்தான் ஆர்சலின் என்ற புரதமும் வருகிறது, மெக்சிகோவின் காட்டு பீன்ஸில் கிடைத்தது, சேமித்த விதையைத் துளைக்கும் வண்டை வளரவிடாது. அதை வேண்டுமென்றே பயிர் ரகத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

கே: வரி போட்ட ஒரு செடி எனக்கும் வந்திருக்கிறது. அதை ஒரு நிலையான ரகமாக்க எத்தனை பருவம்?

ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதியாகக் குறையும். உங்கள் செடியை முதல் தலைமுறை என்று வைத்தால், ஆறாவதில் கலந்து நிற்கும் இடங்கள் நூற்றுக்கு மூன்று அளவுக்கு வந்துவிடும், பார்வைக்கு அது நிலைத்த மாதிரிதான். இரண்டாம் தலைமுறையில் கஞ்சத்தனம் வேண்டாம், முடிந்த அளவு நிறையச் செடி போடுங்கள், வகை எல்லாம் அங்கேதான் பிரியும். கொடியா, குத்துச்செடியா, நார் உண்டா, எப்போது பூக்கிறது என்று செடிக்குச் செடி குறித்துக்கொள்ளுங்கள், பென்சிலால் எழுதுங்கள், பேனா மழையில் கரைந்துவிடும்.