டைகரையும் மெல்பர்னுக்கு அழைத்துச் செல்ல முடியுமா?

கேள்வி: நான் சுங்கை சிப்புட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 42. என் கணவர் டீசல் மெக்கானிக். அவருடைய தொழில் தகுதியின் அடிப்படையில் எங்கள் மூவருக்கும் ஆஸ்திரேலிய நிரந்தர விசா சென்ற மாதம் கிடைத்தது. பத்து மாதத்திற்குள் முதல் நுழைவைச் செய்ய வேண்டும். மெல்பர்னில் குடியேற எண்ணம். எங்களிடம் ஐந்து வயது நாய் ஒன்று இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் குட்டியாகக் கிடந்ததை என் மகள் தூக்கி வந்தாள். பெயர் டைகர், எடை 18 கிலோ. அதை அனுப்பி வைக்க ஏஜெண்ட் ஒருவர் 28,000 ரிங்கிட் கேட்கிறார், முழுத் தொகையையும் இப்போதே கட்டச் சொல்கிறார். நிரந்தர வைப்புத் தொகையில் 38,000 ரிங்கிட்டும் அமானா சஹாம் மலேசியா என்ற முதலீட்டு நிதியில் 22,000 ரிங்கிட்டும் உள்ளன. இருவரின் ஊழியர் சேமநிதியும் (ஓய்வுக்காலச் சேமிப்பு) சேர்ந்து 237,000 ரிங்கிட், அதில் நெகிழ்வுக் கணக்கில் இருப்பது 9,000. நான்கரை ஆண்டுகளுக்கு முன் 240,000 ரிங்கிட்டுக்கு வாங்கிய வீட்டுக்கு இன்னும் 190,000 கடன் இருக்கிறது. இப்போது 290,000-க்கு விலை போகும். தோட்டத்து வீட்டில் இருக்கும் அம்மா, தம்முடைய கூட்டுறவுச் சங்கப் பங்கை மீட்டு டைகரின் செலவுக்குத் தருவதாகச் சொல்கிறார். உறவினர்களோ, நாய்க்கா இவ்வளவு பணம் என்று கேட்கிறார்கள். சேமநிதியை எடுக்கலாமா? வீட்டை முதலில் விற்றுவிடலாமா? டைகரை அழைத்துப் போவது தவறான முடிவா?

பதில்: தவறான முடிவு அல்ல. உங்கள் சேமிப்பை வைத்துப் பார்த்தால் இந்தச் செலவை உங்களால் தாங்க முடியும். ஆனால் 28,000 ரிங்கிட்டை இன்றைக்கே ஒரே தொகையாகக் கட்ட வேண்டாம். அம்மாவின் பங்கைத் தொட வேண்டாம். வீட்டை அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். இந்தப் பயணத்தில் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் தேதிகள்தாம். ஆகவே டைகரின் நாள்காட்டியை முதலில் எழுதி வைத்துவிட்டு, மற்ற பணக் காரியங்களை அதற்குள் பொருத்துவதே சரியான வரிசை.

ஆஸ்திரேலியா ஒவ்வொரு நாட்டையும் நோய் நிலவரத்தைப் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவிலிருந்து நாய்களைக் கொண்டு செல்ல அனுமதி உண்டு. அதற்கு முதலில் தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப், அடுத்து ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி, பிறகு அந்த ஊசியால் உடலில் போதுமான எதிர்ப்பாற்றல் உண்டாகியிருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை ஆகியவை வரிசையாக நடக்க வேண்டும். பரிசோதனையின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையக் கூடாது. அந்த ரத்த மாதிரி ஆய்வுக்கூடத்தைச் சென்றடைந்த நாளிலிருந்து 180 நாள் கழியாமல் டைகர் விமானம் ஏற முடியாது. பரிசோதனை ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால், டைகர் பறக்கக்கூடிய காலம் ஏறத்தாழ ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். ஊசி போட்ட மூன்று, நான்கு வாரம் கழித்தே ரத்தம் எடுப்பது வழக்கம். இன்றே தொடங்கினாலும் ஏழரை மாதம் ஓடிவிடும். உங்கள் கையில் பத்து மாதம் இருக்கிறது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அந்த இரண்டரை மாத இடைவெளியைத்தான் தின்னும்.

இந்த வரிசையில் ஒரு படி பலருக்குத் தெரியாமல் போகிறது, அதுவே பணத்தை அதிகம் விழுங்குகிறது. ரத்தம் எடுப்பதற்கு முன்பே, அரசாங்கக் கால்நடை மருத்துவர் ஒருவர் மைக்ரோசிப்பைச் சரிபார்த்து நாயின் அடையாளத்தை உறுதிப்படுத்தியிருந்தால், மெல்பர்னின் மிக்கல்ஹம் தனிமைப்படுத்தல் நிலையத்தில் டைகர் 10 நாள் இருந்தால் போதும். அந்தப் படி தவறினால் 30 நாள். கூடுதலான இருபது நாளின் கட்டணமும் ஆஸ்திரேலிய டாலரில்தான் உங்கள் தலையில் விழும், பின்னால் போய் அதைத் திருத்தவும் வழியில்லை. ஏஜெண்டைப் பார்க்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: அடையாளச் சரிபார்ப்பு எந்தத் தேதியில், கால்நடைச் சேவைத் துறையின் எந்த அலுவலகத்தில் நடக்கும்? தெளிவான பதில் வராத ஏஜெண்டிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எனவே கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். குறைந்தது மூன்று ஏஜெண்டுகளிடம் விலைப்பட்டியல் வாங்குங்கள். மைக்ரோசிப், தடுப்பூசி, அடையாளச் சரிபார்ப்பு, ரத்தப் பரிசோதனை ஆகிய முதல் கட்டத்துக்கு மொத்தச் செலவில் சிறு பங்குதான் ஆகும். பெருந்தொகை விமானச் சரக்குக்கும் தனிமைப்படுத்தலுக்கும் போகிறது, அவை கடைசி இரண்டு மாதத்துச் செலவு. முதல் கட்டத்தில் ஏதாவது தடை வந்தால் சிறிய இழப்போடு நீங்கள் நிற்கலாம். முழுத் தொகையையும் கட்டிவிட்டால் அந்த உரிமை உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

தோட்டத்து நாய் என்பதால் இன்னொரு சோதனையை முன்கூட்டியே சொந்தச் செலவில் செய்துகொள்ளச் சொல்கிறேன். உண்ணிகள் பரப்பும் ஏர்லிக்கியா என்ற நோய்க்கிருமி நம் நாட்டு நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படுகிறது. ஆஸ்திரேலியா அதற்கும் பரிசோதனை கேட்கிறது. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் நடக்கும் அந்தப் பரிசோதனையில் தோற்றால், விமான முன்பதிவும் தனிமைப்படுத்தல் முன்பதிவும் சேர்ந்து குலைந்துவிடும். ஈப்போவில் உள்ள கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இப்போதே சோதித்துப் பார்த்து, நோய் இருந்தால் இந்த ஏழு மாதக் காத்திருப்பில் சிகிச்சையை முடித்துக்கொள்ளலாம். உண்ணி மருந்தையும் இன்றிலிருந்தே தவறாமல் கொடுத்து வாருங்கள்.

தீபகற்ப மலேசிய நாய்களுக்கென்று கூடுதலாக, நிப்பா என்ற வைரஸ் நோய் தொடர்பான நிபந்தனையும் இருக்கிறது. 1998 இறுதியில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி, 1999-இல் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை பரவி, நூறு பேருக்கு மேல் உயிரிழக்கக் காரணமான நோயை உங்கள் அம்மா மறந்திருக்க மாட்டார். அதனால்தான் புறப்படும் நாய்க்கு நிப்பா ரத்தப் பரிசோதனையும், கடைசி 60 நாள் பன்றிகள் உள்ள இடத்தில் வசிக்கவில்லை என்ற சான்றும் தேவைப்படுகின்றன. நீங்கள் முன்னதாகப் புறப்பட்டு டைகரை அம்மாவிடம் விட்டுச் செல்ல நினைத்தால், இந்த நிபந்தனையை மனத்தில் வையுங்கள். உரிமையாளர் கூடவே பறக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், நாயைப் பின்னர் தனியாக அனுப்புவது முடியாத காரியமல்ல. ஆனால் செம்பனைக் காட்டை ஒட்டிய வீட்டில் அவிழ்த்துவிட்ட நாய் எங்கே போகிறது என்று வயதான உங்கள் அம்மாவால் கண்காணிக்க முடியாது. கடைசி இரண்டு மாதம் ஈப்போவில் நல்ல நாய்க்காப்பகம் ஒன்றில் விடுவதற்கான தொகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரக்குக் கட்டணம் உங்களுக்கு அதிர்ச்சி தரும். அதற்குக் காரணம் டைகரின் எடை அல்ல. விமான நிறுவனங்கள் கூண்டின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும், உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே பணம் வாங்குகின்றன. 18 கிலோ நாய் நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் 90-க்கு 60-க்கு 68 சென்டிமீட்டர் கூண்டு வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கணக்கில் வருவது 61 கிலோ. ஏஜெண்ட் தேவைக்கு மேல் பெரிய கூண்டைச் சொன்னால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். சிறிய கூண்டைச் சொன்னால் விமான நிலையத்தில் ஏற்றமாட்டார்கள். ஆகவே டைகரை நிற்க வைத்து, மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரைக்கும், தரையிலிருந்து தலை உச்சி வரைக்கும் நீங்களே அளந்து எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இனி உங்கள் சேமிப்பைப் பார்ப்போம். நாடு மாறுவதால் சேமநிதியை முழுமையாக எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாட்டை விட்டுச் செல்வோருக்கான அந்த வழி, மலேசியக் குடியுரிமையைத் துறந்தவர்களுக்கே திறக்கும். நிரந்தர விசா பெற்றிருப்பதால் மட்டும் நீங்கள் குடியுரிமையைத் துறக்கவில்லை. நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் அந்த முடிவு பல ஆண்டுகள் கழித்துத் தனியாக எடுக்க வேண்டியது. அதுவரை அந்தப் பணம் வளர்ந்துகொண்டே இருக்கட்டும். 2024-ஆம் ஆண்டுக்கு ஊழியர் சேமநிதி வாரியம் 6.30 விழுக்காடு ஈவுத்தொகை தந்தது, வழக்கமான கணக்குக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாத உத்தரவாதமும் சட்டத்தில் உள்ளது. நெகிழ்வுக் கணக்கின் 9,000 ரிங்கிட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அதை டைகரின் எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கி வையுங்கள். ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறியவர் பொதுவாக உலக வருமானம் முழுவதற்கும் அங்கே வரிக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். சேமநிதி ஈவுத்தொகையை அங்கே எப்படிக் காட்டுவது என்று, புறப்படும் முன்பே இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள்.

அம்மாவின் பங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்கிறேன். துண்டாடி விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் அங்கத்தினர் என்றால், மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்த்த பங்காக அது இருக்கக்கூடும். நீங்கள் புறப்பட்ட பிறகு அவர் பெயரில் இங்கே நிற்கும் சொத்து அநேகமாக அது ஒன்றே. வாரிசு நியமனம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் அவரோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வீட்டு விஷயத்தில் டைகரின் காத்திருப்பு உங்களுக்கு நன்மையே செய்கிறது. சொத்தை வாங்கிய ஐந்தாம் ஆண்டில் விற்கும் குடிமகனுக்கு நிலச் சொத்து ஆதாய வரி 15 விழுக்காடு. ஆறாம் ஆண்டு பிறந்துவிட்டால் வரி இல்லை. 50,000 ரிங்கிட் ஆதாயத்தில் சட்டம் தரும் 10,000 ரிங்கிட் கழிவு போக, இன்று விற்றால் சுமார் 6,000 ரிங்கிட் வரி வரலாம். வழக்கறிஞர் கட்டணம் போன்றவற்றைக் கழித்தால் சற்றுக் குறையும். சொந்தமாக வசித்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும் விலக்கும் இருக்கிறது, நல்ல விலைக்கு ஆள் முன்னதாக வந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையேல் ஆறு மாதம் கழித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். வரிக்குக் கணக்கில் எடுக்கப்படுவது பொதுவாக ஒப்பந்தத் தேதி. பணம் கைக்கு வர மேலும் மூன்று, நான்கு மாதம் ஆகும், அப்போது நீங்கள் மெல்பர்னில் இருப்பீர்கள். நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எப்படியும் குடியுரிமையைத் துறப்பதற்கு முன்பே விற்பனை முடிந்திருக்க வேண்டும், ஏனெனில் குடிமகன் அல்லாதவர் ஆறாம் ஆண்டுக்குப் பிறகும் 10 விழுக்காடு கட்ட வேண்டும்.

வீட்டுப் பணம் தாமதமாக வரும் என்பதால், வைப்புத் தொகையும் அமானா சஹாமும் சேர்ந்த 60,000 ரிங்கிட்தான் உங்களை அங்கே இறக்கிவிடும் பணம். அதில் டைகருக்கு 28,000 போனால் மூன்று பேரின் விமானச் சீட்டுக்கும், வாடகை முன்பணத்துக்கும், முதல் மாதங்களின் சாப்பாட்டுக்கும் 32,000 மிஞ்சும். இது நெருக்கடியான கணக்கு என்பதை மறைக்க விரும்பவில்லை. விக்டோரியா மாநிலத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை கேட்கக் கூடாது. தீர்ப்பாயத்தின் உத்தரவு இல்லாமல் வீட்டு உரிமையாளர் வளர்ப்புப் பிராணியை மறுக்கவும் முடியாது. இவை ஓரளவு ஆறுதல். ஆனால் புதிதாக வந்த நிரந்தரவாசிக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை கிடைக்க நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதனால் இந்த எட்டு மாதத்தில் மாதம் 1,500 ரிங்கிட்டாவது மிச்சப்படுத்தி 12,000 சேருங்கள். ஆஸ்திரேலிய டாலரை இன்றைய விலையைவிட 10 விழுக்காடு கூட்டியே எல்லாக் கணக்கையும் போடுங்கள்.

கடைசிச் சம்பளத்தை நம்பி எந்தக் கட்டணத்தையும் தள்ளி வைக்காதீர்கள். நாட்டை விட்டு நிரந்தரமாகச் செல்லும் ஊழியரைப் பற்றி முதலாளி சிபி21 படிவத்தின் வழி உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு 30 நாளுக்கு முன் தெரிவிக்க வேண்டும். வரிக் கணக்குத் தீர்ந்த கடிதம் வரும் வரை, அல்லது 90 நாள் வரை, உங்களுக்குச் சேர வேண்டிய தொகையை அவர் நிறுத்தி வைக்க வேண்டும். டைகரின் சரக்குக் கட்டணம் சரியாக அதே வாரங்களில் வரும்.

முதல் ரத்தப் பரிசோதனை 0.5-ஐத் தொடாமல் போனால், மறுபடி ஊசி போட்டு, மறுபடி ரத்தம் எடுத்து, 180 நாளை மறுபடி எண்ண வேண்டும். அப்போது பத்து மாதக் கெடு போதாது. அந்த நிலையில் மூவரும் விடுமுறையில் ஒரு முறை மெல்பர்னுக்குப் போய் முதல் நுழைவை முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். நிரந்தர விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு வரை போய்வர இடம் கொடுக்கும். மூன்று சீட்டுகளின் விலை, கணவர் அங்கும் நீங்கள் இங்குமாக இரண்டு குடும்பம் நடத்தும் செலவைவிட மிகக் குறைவு. மகளின் படிப்பும் நடுவில் முறியாது. ஆனால் அந்த நிலை வராமல் தடுக்க இந்த வாரமே மைக்ரோசிப் போட ஏற்பாடு செய்யுங்கள்.