நெல்லிக்காய் வெளியே பளபளப்பு, உள்ளே பழுப்பு: மருந்து கேட்குமுன் ரகத்தைக் கேளுங்கள்

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் பெருநெல்லி இருக்கிறது. இருபதடிக்கு இருபதடி, 210 மரம், ஒன்பது வயது, சொட்டுநீர். சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த செம்மண். போன வருடமும் இந்த வருடமும் காய் வெளியே கண்ணாடி மாதிரி இருக்கிறது; மண்டியில் வெட்டிப் பார்த்தால் கொட்டையைச் சுற்றிப் பழுப்பு. பத்துக்கு மூன்று நான்கு காய் இப்படி. கடைசி லோடை அப்படியே திருப்பிவிட்டார்கள். உரக்கடையில் ‘உள்ளழுகல்’ என்று சொல்லி இரண்டு தடவை பூஞ்சாணக்கொல்லியும் கால்சியமும் ஒரு டானிக்கும் கொடுத்தார்கள். நிற்கவில்லை. இன்னும் வீரியமான மருந்து எது? இந்தக் காயை நெல்லிமுள்ளியாகக் காயவைத்து நாட்டு மருந்துக் கடைகளுக்குக் கொடுக்கலாமா? நாற்று வாங்கும்போது ‘வடநாட்டுப் பெரிய நெல்லி’ என்றுதான் சொன்னார்கள். எல்லாம் ஒரே ரகம். கிளைகள் தொங்கித் தொங்கி நிற்கின்றன.

பதில்: வீரியமான மருந்து எதுவும் வேண்டாம். இது பூஞ்சாணமே இல்லை. நீங்கள் இரண்டு தடவை அடித்தது வீண் செலவு.

ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பூஞ்சாண அழுகல் என்றால் தோலில் புள்ளியோ ஈரக்கசிவோ தோன்றி உள்ளே போகும். உங்கள் காயில் பழுப்பு தொடங்குவது கொட்டையை ஒட்டிய சதையில். அங்கிருந்து தோலை நோக்கி வெளியே வருகிறது. முற்றிய காயில் அந்த இடம் தக்கை மாதிரி ஆகி, நடுவில் பிசின் கட்டிய சிறு குழி தெரியும். இது போரான் பற்றாக்குறை. பூஞ்சாணக்கொல்லி இதில் செய்ய ஒன்றுமில்லை, கால்சியமும் இதற்கு மருந்தில்லை. உங்கள் சுக்கான் மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுதி. அதுதான் போரானை வேருக்குக் கிடைக்கவிடாமல் கட்டிவைக்கிறது. சுண்ணாம்பால் வந்த குறைக்குக் கால்சியத்தையே விற்றவரிடம் இனி பயிருக்கு யோசனை கேட்காதீர்கள். காயை வெட்டிப் பார்க்காமல் மருந்து எழுதுகிற கடை எதுவாக இருந்தாலும் எனக்கு இதே கருத்துத்தான்.

இந்தப் பருவத்துக் காயில் பழுப்பான சதை இனித் திரும்பாது. அடுத்த காய்ப்புக்குச் செய்ய வேண்டியது போராக்ஸ் தெளிப்பு, 0.6 சதம். லிட்டருக்கு 6 கிராம், 200 லிட்டர் டிரம்முக்கு 1.2 கிலோ. பச்சைத் தண்ணீரில் போட்டால் அடியில் மணலாக நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாளியில் முழுக்கக் கரைத்து, வடிகட்டி, பிறகு டிரம்மில் ஊற்றுங்கள். பூச்சிமருந்து எதையும் அதோடு கலக்க வேண்டாம். போராக்ஸ் காரத்தன்மை உள்ளது. கடையில் ‘போரான் 20 சதம்’ என்ற பொடியைக் கொடுத்தால் அதே அளவைப் போடாதீர்கள். போராக்ஸில் போரான் சுமார் பத்தரை சதம்தான். 20 சதப் பொடி லிட்டருக்கு 3 கிராம் போதும். போரானில் போதாமைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது. மிஞ்சினால் இலை நுனி கருகும்.

மூன்று தெளிப்பு, 10 முதல் 15 நாள் இடைவெளியில். வடக்கே இதைச் செப்டம்பர், அக்டோபரில் செய்கிறார்கள். நீங்கள் மாதத்தைப் பார்க்காமல் காயைப் பாருங்கள். கோலிக்குண்டு அளவில் ஒரு காயை வெட்டினால் கத்தி கொட்டையையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போகும். கொட்டை இறுகத் தொடங்கினால் கத்தி நறநறக்கும். முதல் தெளிப்பு நறநறப்பதற்கு முன்பே விழ வேண்டும். பெரும்பாலான பயிர்களில் இலையில் பட்ட போரான் காய்க்கு நகர்ந்து போவது குறைவு, அதனால் காய் மீதே படும்படி உள்கிளைகளுக்கும் அடியுங்கள். காய் பருக்கும் மாதங்களில் சொட்டுநீரை நிறுத்தவும் கூடாது. போரான் வேருக்குள் போவது தண்ணீரோடுதான். மண்ணில் போராக்ஸ் போடுவதை மண் பரிசோதனை முடிவு வராமல் செய்ய வேண்டாம். வெந்நீரில் கரையும் போரான் 0.5 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பேச்சு.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். கேட்டிருக்க வேண்டியது, “என் தோட்டத்தில் நிற்பது என்ன ரகம்?” என்பது.

பெரிய காய், தொங்கும் கிளை, உள்ளே பழுப்பு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது பிரான்சிஸ் ரகமாகத்தான் இருக்க வேண்டும். கிளை தொங்கி ஆடுவதால்தான் வடக்கே அதற்கு ‘ஹாத்தி ஜூல்’ என்ற பெயரே வந்தது. உள்பழுப்புக்கு மிக எளிதாக ஆளாகும் ரகம் அதுதான். அடுத்தது பனாரசி. சக்கையா, என்ஏ-6, என்ஏ-7 ஆகிய ரகங்களில் இந்தக் கோளாறு இல்லை. இத்தனைக்கும் என்ஏ-7 பிரான்சிஸின் விதையிலிருந்து வந்த தேர்வு. அதே மண், அதே தண்ணீர், அதே வெயில். ரகம் மாறினால் நோய் இல்லை. அப்படியிருக்க ஆண்டுதோறும் மூன்று தெளிப்புக்கு ஆள்கூலி கொடுத்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

இரண்டாவது தவறு, 210 மரமும் ஒரே ரகம். நெல்லி தன் மகரந்தத்தால் சரியாகக் காய் பிடிக்காது. தனி ரகமாக நட்டால் பூ கொட்டும், காய்ப்பு குறையும். இரண்டு மூன்று ரகத்தை வரிசை மாற்றி வரிசை நடுவதுதான் முறை. நாற்றுப்பண்ணைக்காரருக்கு ஒரே தாய்மரத்தில் மொட்டெடுத்து லாரி நிறைய ஒரே ரகம் ஏற்றி அனுப்புவது சுலபம், நட்டம் உங்களுக்கு. ‘வடநாட்டு நெல்லி’, ‘ஹைபிரிட் நெல்லி’, ‘ஜம்போ நெல்லி’ எதுவும் ரகத்தின் பெயரல்ல. ரகப்பெயரை ரசீதில் எழுதித் தராத பண்ணையில் ஒரு செடிகூட வாங்காதீர்கள். ஒட்டுக்கட்டிய தழும்பு தண்டில் தெரிகிறதா என்றும் பாருங்கள். விதைக்கன்றை ஒட்டுக்கன்று விலைக்குத் தள்ளிவிடுவதும் நடக்கிறது.

மரங்களை வெட்டி எறியச் சொல்லவில்லை. ஒன்பது வயது வேர் பெரிய சொத்து. தலையை மட்டும் மாற்றுங்கள், அதாவது அதே வேரின் மேல் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டுங்கள். அறுவடை முடிந்ததும் முதல் ஆண்டில் மூன்றிலொரு பங்கு மரங்களை, ஒரு வரிசை முழுக்க வரும்படி, நாலடி உயரத்தில் அறுங்கள். முதலில் கீழ்ப்பக்கம் பாதி அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாது. ஒரு கிளையை மட்டும் விட்டுவைத்தால் மரம் சோராது. வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழைத்துப் பூசுங்கள். கொத்துக் கொத்தாகப் போத்து, அதாவது புதுத் தளிர்க்கிளை, வெடிக்கும். வெளிநோக்கிய நாலு முதல் ஆறு போத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பென்சில் தடிமன் வந்து, மழையில் பட்டை வழுக்கிக் கழலும் பருவத்தில் சதுரப்பட்டை ஒட்டு (வேண்டிய ரகத்தின் மொட்டைச் சதுரப் பட்டையோடு எடுத்துப் பொருத்துவது) கட்டுங்கள். ஆறப்போடாமல் பாலித்தீன் நாடாவால் மொட்டு மட்டும் வெளியே தெரிய இறுகச் சுற்றி, மூன்று நான்கு வாரத்தில் அவிழ்க்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது மொட்டுக்குச்சியில். நெல்லியில் இறகு மாதிரி ஆடுவது இலையல்ல, உதிர்ந்துபோகும் சிறு கிளை. பூவும் காயும் அதில் வரும், ஆனால் அதிலிருந்து எடுத்த மொட்டு மரமாகாது. அந்த இறகு முளைத்த தாய்க்குச்சியின் கணுவில்தான் மொட்டெடுக்க வேண்டும்.

என்னென்ன ரகம்? ஒரு வரிசை என்ஏ-7, அடுத்த வரிசை காஞ்சன். என்ஏ-7 அள்ளிக் காய்க்கும், பாரம் தாங்காமல் கிளை முறியும், முட்டுக் கொடுக்க வேண்டும். காஞ்சன் காய் நடுத்தரம், நார் அதிகம். பழக்கடைக்கு அது எடுபடாது. சாறு, திரிபலா, வற்றல் செய்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். மருந்துச் சரக்குக்கு விற்க நினைக்கிற உங்களுக்கு அது பொருத்தம். மூன்றாவதாகப் பவானிசாகர் தேர்வான பிஎஸ்ஆர்-1 நாலு வரிசைக்கு ஒன்று இருக்கட்டும்.

இப்போது நெல்லிமுள்ளி. காய்ந்துவிட்டால் நல்ல துண்டும் கறுப்பு, கெட்ட துண்டும் கறுப்பு. யாருக்கும் தெரியாது என்றுதான் ஆசை வரும். செய்யாதீர்கள். அதைத் திரிபலாவில் கடுக்காய், தான்றிக்காயோடு இடித்துச் சாப்பிடப் போகிறவர் உடம்பு சரியில்லாதவர். அதிலும் பூஞ்சாணக்கொல்லி அடித்த காய் என்றால், டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் கடந்ததா என்று பார்க்காமல் பறிக்கவே கூடாது. பழுப்பில்லாத காயை மட்டும் கொதிநீரில் சில நிமிடம் போட்டு, கீற்று பிரிந்ததும் கொட்டையை நீக்கி, தார்ச்சாலையில் கொட்டாமல் சுத்தமான துணியில் விரித்துக் காயவையுங்கள். பத்துக் கிலோ காய்க்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வற்றல் நிற்கும். கொட்டையருகே மெல்லிய பழுப்புக் கோடு மட்டும் இருந்தால் அந்தப் பகுதியைச் சீவிவிட்டு வீட்டு ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளலாம். தக்கையும் பிசினும் வந்த காய் எருக்குழிக்குத்தான்.