வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 2010இல் தயாரான லம்போர்கினி கல்லார்டோ கார் ஒன்றைச் சென்ற ஆண்டு இரண்டாம் கையாக வாங்கினேன். முத்துப் பளபளப்புள்ள மஞ்சள் நிறம். கூரையிலும் பின்பக்க என்ஜின் மூடியிலும் மேற்பூச்சு வெளுத்து, வெயிலில் காய்ந்த தோல்போல உரியத் தொடங்கிவிட்டது. கதவுகளும் பக்கங்களும் நன்றாகவே இருக்கின்றன. வண்டி முழுவதற்கும் பெயின்ட் அடிக்கக் கோவையில் ஒரு பட்டறையில் 1,80,000 ரூபாய் கேட்டார்கள். பெங்களூரில் ஒருவர் 9,00,000 ரூபாய் என்கிறார். அதே வண்டி, அதே நிறம். விலை மட்டும் எப்படி ஐந்து மடங்காகும்? நியாயமான தொகை எவ்வளவு?
— பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்: தாங்கள் நாள்தோறும் பார்க்கும் தொழிலிலேயே இதற்கு விடை இருக்கிறது. துணியின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, ஒழுங்காக வெளுத்து எடுப்பதில் குறைவைத்தால், எவ்வளவு உயர்ந்த சாயத்தை ஊற்றினாலும் அது திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்ப் பெயின்ட்டிலும் அப்படியே. ஸ்பிரே கன்னைக் கையில் எடுக்கும் நேரம் ஓரிரு நாள்களுக்குள் அடங்கிவிடும். மீதமுள்ள வாரங்கள் எல்லாம் கழற்றுவதிலும் தேய்ப்பதிலும் மறுபடி மாட்டுவதிலும் போகின்றன. தங்களிடம் பேசிய இரு பட்டறைகளும் இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கின்றன என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இத்தகைய வண்டியை முறையாகக் கழற்றி, பழைய பூச்சைத் தேய்த்து எடுத்து, அடிப்பூச்சான பிரைமர் முதல் பாலிஷ் வரை முடிக்க 200 முதல் 250 மணி நேர உழைப்புத் தேவை என்பது என் மதிப்பீடு. நடுவாக 220 மணி நேரம் என்று கொண்டு, கைதேர்ந்த ஆள்கூலி, பெயின்ட் அடிக்கும் மூடிய அறையான பூத்தின் செலவு, மின்சாரம் எல்லாம் சேர்த்து மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால், உழைப்புக்கு மட்டும் 2,20,000 ரூபாய் ஆகிறது. நல்ல தரமான பிரைமர், முத்து நிறத்துக்கான மூன்று அடுக்குப் பெயின்ட், நிறமற்ற மேற்பூச்சான கிளியர் கோட், எமரித் தாள், மாஸ்கிங் டேப் ஆகியவற்றுக்கு 1,50,000 ரூபாயும், கழற்றும்போது உடையும் கிளிப்புகள், ஓர ரப்பர் பீடிங்குகள், எழுத்துச் சின்னங்கள் ஆகியவற்றுக்கு 80,000 ரூபாயும் ஒதுக்கினால், மொத்தம் 4,50,000 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 81,000 ரூபாய். ஆக 5,31,000 ரூபாய். எனவே நம் பகுதியில் ஐந்து லட்சத்திலிருந்து ஏழு லட்சம் வரை கேட்பவரை நான் நம்பிப் பேசத் தொடங்குவேன்.

இப்போது அந்த 1,80,000 ரூபாயைப் பாருங்கள். வரி அதற்குள் அடங்கியது என்றால் பட்டறைக்கு நிற்பது ஏறக்குறைய 1,52,500 ரூபாய். நல்ல பொருளை வாங்கினால் கூலிக்கு ஒன்றும் மிஞ்சாது. கூலியைக் கொடுத்தால் நல்ல பொருள் வாங்க முடியாது. ஆகவே அந்தத் தொகைக்குள் செய்யக்கூடியது, கண்ணாடிகளுக்கும் பீடிங்குகளுக்கும் டேப் ஒட்டி மறைத்து, பழைய பூச்சை மேலோட்டமாகச் சொரசொரப்பாக்கி, அதன்மேலேயே புதிய நிறத்தை ஏற்றுவதுதான். சாதாரணக் காருக்கு அந்த வேலை போதும், அதில் குற்றமில்லை. ஆனால் தங்கள் வண்டியில் அடியிலிருக்கும் கிளியர் கோட்டே பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. உரியும் பூச்சின்மேல் அடித்த பெயின்ட், அது உரியும்போது கூடவே உரிந்து வரும். டேப்பின் ஓரங்களில் புதுப் பூச்சு மெல்லிய விளிம்பாக நின்று, ஓரிரு கோடைக்குப் பின் அங்கிருந்துதான் முதலில் கிளம்பும்.

கல்லார்டோவின் உடற்கூடும் மேற்றகடுகளும் அலுமினியம் என்பதைப் பட்டறையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரும்புத் தகட்டில் பழகிய கைகளுக்கு இது வேறு உலகம். தேய்த்து வெறும் உலோகம் தெரிந்த கணத்திலிருந்து அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படலம் படியத் தொடங்குகிறது. அன்றைக்கே துடைத்துச் சுத்தப்படுத்தி எபாக்சி பிரைமரால் மூடிவிட வேண்டும், இரண்டு நாள் கிடக்கட்டும் என்று விடக்கூடாது. இரும்பு தேய்த்த எமரித் தாளையோ இரும்புக் கம்பித் தூரிகையையோ அதில் போட்டால், பதிந்துபோகும் இரும்புத் துகள் ஈரம் பட்டதும் அரிப்பைத் தொடங்கி, நாளடைவில் பூச்சுக்கு அடியில் கொப்புளங்களை எழுப்பும். பம்பர்களோ பிளாஸ்டிக்; அவற்றுக்கு ஒட்டும் பிரைமர் தனி, வளைந்து கொடுக்கும் கலவை தனி. ஒரே வண்டியில் இரண்டு வகைப் பரப்பும் ஒரே மஞ்சளாகத் தெரிய வேண்டும் என்பதுதான் பெயின்டரின் சோதனை.

அந்த மஞ்சளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் விலையில் ஒரு பெரும் பகுதி அதற்குள் ஒளிந்திருக்கிறது. முத்து நிறத்தில் அடியில் ஒரு நிறமும், நடுவில் ஒளி ஊடுருவும் முத்துப் பூச்சும், மேலே கிளியர் கோட்டும் இருக்கின்றன. நடுப் பூச்சு ஒரு கை கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறிவிடும். ஆகவே சிறு தகடுகளில் ஒரு கை, இரண்டு கை, மூன்று கை என்று தனித்தனியே அடித்து, கிளியர் கோட்டும் போட்டுக் காயவைத்து, வெயிலில் வண்டியின் பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். தாங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு லேப் டிப் எனும் சாய மாதிரித் துணியை அனுப்பி ஒப்புதல் வாங்காமல் முழு லாட்டையும் சாயத்தில் இறக்க மாட்டீர்கள் அல்லவா? அந்த மாதிரித் தகடுகளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டத் தயங்கும் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

பூத்தையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று எவ்வளவு புழுதியைத் தூக்கி வருகிறது என்பது கோவை, பொள்ளாச்சி, பல்லடம் பக்கத்தார் எல்லோருக்கும் தெரியும். தகரக் கொட்டகையில் தரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடிக்கும் பெயின்ட்டில் அந்தப் புழுதி முழுவதும் வந்து உட்காரும். ஐப்பசி மழையில் கம்ப்ரஸர் குழாய்க்குள் நீர் கோத்துக்கொள்ளும். அதைப் பிரிக்கும் வடிகட்டி இல்லையென்றால் பூச்சில் ஊசிமுனைக் குழிகள் விழும். காற்று வடிகட்டப்பட்டு உள்ளே வந்து, கழிவுக் காற்று வெளியேறி, அடித்தபின் ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் பதமாகச் சுடவைக்கும் பூத் இருந்தால் மாதம் பார்க்க வேண்டியதில்லை.

அவசரப்படுத்தவும் வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் என் வண்டியைக் குடும்பத்தில் ஒரு முகூர்த்தத்துக்குள் முடித்துத் தரச் சொல்லி ஒரு பட்டறையை நெருக்கினேன். அவர்களும் பிரைமர் முழுதும் இறுகும் முன்பே நிறத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். மண்டபத்து வாசலில் கண்ணாடிபோல நின்ற வண்டி, மூன்றே மாதத்தில் மங்கி, அடியில் தேய்த்த எமரிக் கோடுகள் ஒவ்வொன்றும் மேலே தெரியத் தொடங்கின. பூச்சின் அடுக்குகளிலிருந்து கரைப்பான் முழுதும் வெளியேற அவகாசம் கொடுக்காவிட்டால், அது பிறகு மெல்ல வெளியேறும்போது மேற்பரப்பு சுருங்கி உள்வாங்கிவிடும். அன்று முதல் பட்டறைக்காரரிடம் நாள் குறிக்கச் சொல்லி நான் கேட்பதில்லை. தங்கள் வண்டிக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள்.

பெங்களூர்க்காரரின் 9,00,000 ரூபாயைக் கொள்ளை என்று நான் உடனே சொல்லமாட்டேன். முன்பின் கண்ணாடிகளை இறக்குவது, கதவின் உட்புற மடிப்புகள், என்ஜின் அறையின் ஓரங்கள், வண்டியை ஏற்றி இறக்கும் லாரிச் செலவு, எழுத்தில் உத்தரவாதம் ஆகியவை அதில் அடங்கியிருந்தால் அந்தத் தொகை அவ்வளவு தூரமில்லை. அமெரிக்காவில் இவ்வகைக் காருக்கு 15,000 டாலருக்குக் குறைந்து நல்ல முழுப் பெயின்ட் கிடைப்பது அரிது. எது எது அடங்கும் என்று வரி வரியாக எழுதி வாங்குங்கள். முன்பணத்துக்கு மேல் தருவதை, பழைய பூச்சு நீங்கிய நிலை, பிரைமர் முடிந்த நிலை என்று கட்டம் கட்டமாகத் தாருங்கள்.

ஆனால் தாங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கங்கள் நன்றாக இருக்கின்றன என்கிறீர்கள். அப்படியென்றால் வண்டி முழுவதற்கும் பெயின்ட் எதற்கு? இத்தகைய வண்டிகளில் தொழிற்சாலைப் பூச்சு மீதமிருப்பதே ஒரு மதிப்பு. முழுதும் மாற்றிய வண்டியைக் கண்டால் வாங்க வருபவர் விபத்தை மறைத்தார்களோ என்றுதான் முதலில் நினைப்பார். கூரையையும் என்ஜின் மூடியையும் மட்டும் வெறும் உலோகம் வரை எடுத்துச் செய்து, அவற்றை ஒட்டிய பகுதிகளில் நிறத்தைக் கரையவிட்டு, மேலே கிளியர் கோட் போட முடியுமா என்று அந்த மாதிரித் தகடுகளை வைத்து முடிவு செய்யச் சொல்லுங்கள். நிறம் கூடிவந்தால் செலவு பாதியைவிடக் கீழே இறங்கும். கூடிவராவிட்டால் முழு வேலைக்குப் போகலாம். அப்போது ஒவ்வொரு கட்டத்தையும், குறிப்பாக வெறும் அலுமினியம் தெரியும் நிலையை, புகைப்படமாக எடுத்துப் பில்லோடு சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று, வெயிலில் நிறுத்தி ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். திருப்பூர்ப் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பு, காயும்போது வெண்புள்ளியாக நின்று பூச்சை அரிக்கும்; அந்தப் புள்ளியை நீக்க அடிக்கடி ரப்பிங் போடுவதால் கிளியர் கோட் மெலிந்து வெயிலுக்குப் பலியாகும். அந்தக் கூரையும் அப்படித்தான் போயிருக்கக்கூடும்.

கேள்வி: பெயின்ட் அடிக்கும் செலவில் பாதிதானே, நிறம் மாற்றும் ஸ்டிக்கர் ராப் ஒட்டிவிட்டால் போதாதா?
— வாசகி, ஈரோடு

பதில்: அடியிலுள்ள பூச்சு உறுதியாக இருந்தால் தாராளமாக ஒட்டலாம். உரியத் தொடங்கிய பூச்சின்மேல் ஒட்டினால், மேடு பள்ளம் அப்படியே தெரியும். மூன்று நான்கு ஆண்டு கழித்துக் கழற்றும்போது கிளியர் கோட்டும் சேர்ந்து வந்துவிடும். ராப்போ பெயின்ட்டோ, நிறம் மாறினால் ஆர்.சி.யில் உள்ள நிறமும் மாற வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய போர்ஷே 911 ஒன்றை விலை பேசுகிறோம். கம்பெனிப் பெயின்ட் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கும் பூச்சுத் தடிப்புக் கருவியோடு போங்கள். தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 250ஐத் தாண்டினால் மேலே ஒரு முறை அடித்திருக்கிறார்கள், 500ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்று கொள்ளலாம். பிளாஸ்டிக், கார்பன் ஃபைபர் பாகங்களில் அந்தக் கருவி வேலை செய்யாது. அங்கே கண்ணும் நகமும்தான். ரப்பர் பீடிங்கைத் தூக்கி அதன் அடியில் நகத்தால் தடவினால், டேப் ஒட்டிய விளிம்பு தட்டுப்படும். ஒரு கதவு மட்டும் மறுபெயின்ட் என்பதற்காக நல்ல வண்டியைக் கைவிட வேண்டாம். ஏன் அடித்தார்கள் என்பதற்குப் பதில் கிடைத்தால் போதும்.

கேள்வி: கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பெயின்டராக இருக்கிறேன். உயர்தரக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலுக்கு மாற ஆசை. இந்த வேலைக்கு எப்படி விலை சொல்வது? இவ்வளவு கேட்டால் கொடுப்பார்களா?
— வாசகர், கரூர்

பதில்: பஸ்ஸின் நீண்ட பக்கத்தில் ஓட்டம் விழாமல் ஒரே சீராக அடித்த கை தங்களுடையது, அந்தக் கைக்குக் காரின் பரப்பு சிறியது. தாங்கள் புதிதாகப் பழக வேண்டியது கழற்றி அடுக்கும் ஒழுங்கும், கடைசியில் 1500, 2000, 3000 என்ற எண்களில் படிப்படியாக மென்மையாகும் எமரித் தாளால் நீர்விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போடும் பொறுமையும். முதல் இரண்டு மூன்று வண்டிகளுக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஆன மணி நேரத்தை நோட்டில் குறித்து வாருங்கள். அந்த நோட்டை உரிமையாளர் முன் திறந்து வைத்துப் பேசினால், விலையைக் குறைக்கச் சொல்பவர்கூட எந்த வேலையை விட்டுவிடலாம் என்று கேட்பார். அப்போது முடிவு தங்கள் கையில் இருக்கும்.

உடம்பைப் பற்றியும் எழுத வேண்டும். தொழிற்சாலையில் அடிப்பூச்சை 160 டிகிரிக்கு மேல் சுட முடியும். மாட்டிய வண்டியின் ரப்பரும் ஒயரும் அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் நாம், பூச்சை இறுகச் செய்யும் ஹார்டனர் சேர்த்த கிளியர் கோட்டை நம்பியிருக்கிறோம். அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் எனும் வேதிப்பொருள், மூக்குக்கு வாசனை தெரியாத அளவிலேயே நுரையீரலைத் தாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்து ஆஸ்துமா பிடித்துவிட்டால், அதன்பின் சிறிதளவு பட்டாலும் மூச்சு திணறும், தொழிலையே விட வேண்டியிருக்கும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பதைக்கிறது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே ஊட்டும் முகக்கவசம், கையுறை, முழு உடை மூன்றும் இல்லாமல் கிளியர் கோட் அடிக்காதீர்கள். அவற்றின் செலவை முதல் வண்டியின் பில்லிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள். எதற்கு என்று உரிமையாளர் கேட்டால், மேலே எழுதியதை அப்படியே சொல்லுங்கள்.